மூன்றாவது பந்து

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. டென்னிஸ் ஆடுகிறாள். ஆட்டத்துக்கு ஒரு கோச், உடம்புக்கு ஒரு கோச், மனசுக்கு ஒரு கோச் என்று மூன்று பேர் அவளைத் தயார் செய்கிறார்கள். மூன்றாமவர் பெங்களூரில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை லேப்டாப்பில் வருவார். ஒரு மணி நேரத்துக்கு அவர் வாங்கும் தொகையை மாப்பிள்ளை என்னிடம் மறைத்துவிட்டார், மகள்தான் சொன்னாள். கேட்டதும் எனக்கே ஒரு மனசு கோச் தேவைப்பட்டது.

"மாமா, இப்பல்லாம் டென்னிஸ் தொண்ணூறு பர்சென்ட் மெண்டல்" என்றார் மாப்பிள்ளை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேனேஜர். அவர் எதையும் பர்சென்ட்டில்தான் பேசுவார்.

எங்கள் காலத்தில் 'மெண்டல்' என்ற சொல்லுக்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. அதை வைத்து யாரையும் டென்னிஸ் ஆடக் கூப்பிட்டதில்லை.

1981இல் எனக்கு வயது பதினான்கு. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985 செப்டம்பரில். ஊரில் அதிகாரிகளும் டாக்டர்களும் ஆடும் ஒரு கிளப் இருந்தது. செம்மண் கோர்ட் ஒன்று. சாணி கரைத்து மெழுகி, உருளை இழுத்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர் போன ஊர் இது. பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். தெருவில் குடத்தோடு வரிசை நிற்க, நாங்கள் கோர்ட்டுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்போம். யாராவது எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள். திட்டு எங்களுக்கு, ஆட்டம் அதிகாரிகளுக்கு.

நான் அங்கே பந்து பொறுக்கும் பையன். அப்பா அதே அதிகாரிகளில் ஒருவரிடம் குமாஸ்தா. அந்தச் சிபாரிசில்தான் வேலை. மலைக்கோட்டைப் பாறைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை பெரியவர்கள் ஆடுவார்கள். அவர்கள் வேட்டைக்காரர்கள் மாதிரி வியர்வையோடு எலுமிச்சை ஜூஸ் குடிக்க உட்கார்ந்ததும், மிச்ச வெளிச்சத்தில் கோர்ட் எங்களுக்கு. சாயங்காலக் காற்று பேகம்பூர்ப் பக்கமிருந்து வந்தால் தோல் பதனிடும் வாடையும் சேர்ந்து வரும். இப்போதும் எங்காவது அந்த வாடை அடித்தால் என் வலது கை தானாக ஃபோர்ஹாண்ட் பிடிக்கு வந்துவிடுகிறது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மார்க்கர் அண்ணன். கிளப்புகளில் கூட ஆட ஆளில்லாத அதிகாரியோடு ஆடவும், மட்டைக்கு நரம்பு கட்டவும், கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் இருப்பார்; அவருக்கு மார்க்கர் என்று பெயர். ஊரிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவர் அவர்தான். தினமும் தோற்கவும் வேண்டியவர் அவர்தான். 6-0 என்று ஓர் அதிகாரியை ஜெயித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? ஜெயிக்கக் கூடிய ஆட்டத்தை, எதிரிக்குத் தெரியாமல், 4-6 என்று தோற்பதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று பெங்களூர்க்காரரிடம் ஒருநாள் கேட்க வேண்டும்.

மார்க்கர் அண்ணனின் மனப்பயிற்சி மூன்று வாக்கியம்: "டேய், பந்தப் பாரு." "டேய், எங்க பாக்குற?" "வெளங்காதவனே."

முதல் வாக்கியத்துக்கு ஒரு விளக்கவுரை உண்டு. பந்தின் தையல் தெரிகிற அளவுக்குப் பார்க்க வேண்டும் என்பார். எங்களுக்கு அது கஷ்டமே இல்லை. பெரியவர்கள் மாதக்கணக்கில் அடித்து ஓய்ந்த பந்துதான் எங்கள் கைக்கு வரும். மேலே பூனை முடி அளவுகூட ரோமம் இருக்காது. தையலைத் தவிர அதில் பார்க்க வேறெதுவும் கிடையாது.

பல வருடம் கழித்து, பணி ஓய்வுக்குப் பிறகு, திமதி கால்வே என்ற அமெரிக்கர் 1974இல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகத்தைப் பேத்தியின் மேஜையில் பார்த்தேன். அவரும் தையலைப் பார்க்கத்தான் சொல்கிறார். நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒருவன் ஆடுகிறவன். இன்னொருவன் ஓயாமல் அவனுக்கு உத்தரவு போட்டுத் திட்டிக்கொண்டிருப்பவன். திட்டுகிறவனுக்குப் பந்தின் தையலைப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை கொடுத்து உட்கார வைத்துவிட்டால் ஆடுகிறவன் தானாக ஆடிவிடுவான் என்பது அவர் வாதம். நல்ல வாதம். எங்கள் விஷயத்தில் திட்டுகிறவன் உள்ளே இல்லை, நெட் ஓரத்தில் பீடியோடு நின்றான் என்பதுதான் வித்தியாசம்.

கோர்ட்டுக்கு வெளியே நின்று ஆட்டக்காரனுக்கு யோசனை சொல்வது வெகுகாலம் விதிப்படி குற்றம். ஆண்கள் டென்னிஸில் ஏடிபி 2022 ஜூலையில்தான் அதைச் சோதனையாக அனுமதித்தது; 2025 முதல் சர்வதேச விதியிலேயே சேர்ந்துவிட்டது. மார்க்கர் அண்ணன் நாற்பது வருடம் முந்திக்கொண்டார். ஒரு இருமல் என்றால் லாப், இரண்டு இருமல் என்றால் நெட்டுக்குப் போ. பீடி பிடிக்கிற மனிதர். எது சங்கேதம், எது சளி என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. கார்த்திகை மாதத்தில் நெட்டுக்கும் பேஸ்லைனுக்குமாக ஓடியே செத்தோம்.

கதையும் சொல்வார். ஒரே கதை. 1966, கல்கத்தா சவுத் கிளப், டேவிஸ் கோப்பை, பிரேசிலோடு ஆட்டம். ஆளுக்கு இரண்டு ஜெயித்துச் சமநிலை. கடைசி ஆட்டத்தில் நம் ராமநாதன் கிருஷ்ணன், எதிரே தாமஸ் கோக். கோக் இரண்டுக்கு ஒன்று செட் முன்னிலை, நாலாவது செட்டில் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்து, கடைசி செட்டை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. இது சரித்திரம். மார்க்கர் அண்ணன் சொல்லும்போது வருடத்துக்கு வருடம் அது வளரும். ஒரு வருடம் 5-2இல் கிருஷ்ணன் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வருடம் கோக்கைப் பார்த்துச் சிரித்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருடம் நின்று நிதானமாகத் தலை சீவினார். அண்ணன் கல்கத்தா போனதே இல்லை. மதுரையைத் தாண்டினாரா என்பதே சந்தேகம்.

"அப்படி நிக்கணும்டா. மனுசனுக்குப் பயமே கெடையாது."

அதை நாங்கள் நம்பினோம். நம்பியதால் வந்த வினை என்னவென்றால், எங்களுக்குப் பயம் வந்தபோது அதை வெளியே சொல்ல வழியில்லாமல் போனது. பயம் என்பது மற்றவர்களுக்கு வருவது. கிருஷ்ணனுக்கு வராதது நமக்கு வந்தால் குறை நம் பிறப்பில்.

1981இல் விஜய் அமிர்தராஜ் விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை முதல் இரண்டு செட்டில் ஜெயித்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு பியோர்ன் போர்க்கை ஐந்து செட்வரை இழுத்து, அங்கேயும் முன்னிலையில் இருந்து தோற்றிருந்தார். டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்கள் ஊர் ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதியது: "நெஞ்சுல தெகிரியம் பத்தல." உலகத்தின் மிகச் சிறந்த எட்டுப் பேரில் ஒருவராக நின்று, புல்தரையில் கானர்ஸிடம் இரண்டு செட் பறித்த மனிதருக்கு, பன் கடித்துக்கொண்டே கொடுத்த சான்றிதழ். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு வட்டியோடு கட்ட வேண்டிவந்தது.

உண்மையில் பயத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பந்து பொறுக்கும் பையனை விட அதை அருகில் பார்த்தவன் யார்? 5-3இல் சர்வீஸ் போட வரும் பெரிய மனிதரின் கையில் பந்தை வைப்பவன் அவன்தான். ஈரமான கை, ஜில்லென்ற கை, பந்தைப் பிடுங்கும் கை, பந்தைப் பிடிக்க மறந்த கை என்று ரகம் ரகமாகப் பார்த்தேன். அலுவலகத்தில் நாற்பது பேரை நடுங்க வைக்கும் ஒருவர் இருந்தார். செட்டை முடிக்க வேண்டிய கேம் வந்தால் கையில் இரண்டு பந்து இருக்கும்போதே, "இன்னொண்ணு எங்க?" என்று மூன்றாவது பந்தைத் தேடச் சொல்வார். தேடிக் கொடுத்தாலும் அதை வைத்துக்கொள்ள மாட்டார், திருப்பி உருட்டிவிடுவார். நாங்கள் பையன்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்வோம். மூன்றாவது பந்து கேட்டால் சார் பயந்துவிட்டார். இந்தக் கண்டுபிடிப்பை யாரும் எங்களிடம் விலைக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் நாங்கள் தெரியாமலே கண்டுபிடித்திருந்தோம். கோர்ட்டைச் சுற்றி இருந்த வலை, வலை என்பதை விட ஓட்டைகளின் தொகுப்பு. அதற்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலமும் ஒரு சாக்கடையும். எங்கள் ஆட்டத்துக்குப் பந்து பொறுக்க எவன் வருவான்? தவறான ஒரு ஷாட்டுக்குத் தண்டனை, நாற்பது அடி நடந்து, குனிந்து, முள்ளை விலக்கி, சட்டையில் பந்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவது. போகும்போது கோபமாகப் போவோம். முள் குத்தும். திரும்பி வரும்போது முள்ளைப் பற்றிய கோபம்தான் இருக்கும், ஷாட்டைப் பற்றியது போயிருக்கும்.

1983இல் மதுரையில் ஒரு ஜூனியர் போட்டி. இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டேன். முதல் செட் என்னுடையது. இரண்டாவதில் 5-2. வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பையன்கள் பந்து பொறுக்க நின்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் அந்த ஏற்பாடு. என் வாழ்க்கையில் எனக்காக வேறொருவன் குனிந்து பந்து எடுத்தது அன்றுதான். பாயிண்ட் முடிந்த மறுநொடி பந்து கைக்கு வந்தது. வந்தால் போட வேண்டாமா? போட்டேன். நெட். மறுபடி வந்தது. போட்டேன். நடந்து போக முள்ளும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் 5-5. கை பூட்டிக்கொண்டது. பூட்டு ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், எங்கள் மாங்காய்ப் பூட்டுக்காவது சாவி உண்டு. அந்தப் பையன்களில் ஒருவன் என் கையில் பந்தை வைத்துவிட்டு இன்னொருவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அதற்குப் பிறகு நான் எடுத்தது மொத்தம் இரண்டு கேம்.

திரும்பி வரும் பாண்டியன் பஸ்ஸில் மார்க்கர் அண்ணன் சமயநல்லூர்வரை பேசவில்லை. வாடிப்பட்டியிலும் பேசவில்லை. கொடைரோட்டில் பஸ் நின்றதும் ஜன்னல் வழியே பன்னீர் திராட்சை வாங்கி மடியில் போட்டார். "தின்னு" என்றார். எனக்குக் கிடைத்த மொத்த உளவியல் சிகிச்சை அதுதான். வீட்டில் அப்பா ஸ்கோரைக் கேட்டுவிட்டு, "சரி, இனி படிக்கிற வழியப் பாரு" என்றார். போட்டி ஆடுவது அத்தோடு நின்றது. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஊரின் தீர்ப்பு ஏற்கெனவே எனக்குத் தெரியும். நானே தலையாட்டிய தீர்ப்பு.

1993 விம்பிள்டன் பெண்கள் இறுதியில், யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1, 40-30 என்ற இடத்தில் நின்று ஒரு டபுள் ஃபால்ட் போட்டு, அங்கிருந்து ஸ்டெஃபி கிராஃபிடம் மொத்தத்தையும் இழந்து, கோப்பை கொடுக்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு என் கை தெரிந்தது. அவர் ஐந்து வருடம் கழித்து, 1998இல், அதே கோப்பையை வாங்கினார். எனக்கு மதுரைத் தோல்விக்குப் பிந்திய ஐந்து வருடத்தில் பி.காம். கிடைத்தது.

இப்போது நத்தம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீல நிற சிந்தெடிக் கோர்ட் இருக்கிறது. பின்னால் சிறுமலை. சுற்றிலும் பத்தடி உயரக் கம்பி வலை, ஒரு எலிக்கு ஓட்டை கிடையாது. கூடை நிறையப் பந்து. பேத்தி ஒரு பாயிண்ட் தோற்றால் உடனே எதிராளிக்கு முதுகைக் காட்டுகிறாள். மட்டையை இடது கைக்கு மாற்றுகிறாள். பின் வேலிவரை நடக்கிறாள். மட்டை நரம்பை ஒவ்வொன்றாக நேர் செய்கிறாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுகிறாள். திரும்பி வந்து பந்தை மூன்று முறை தட்டுகிறாள்.

"இது என்ன சடங்கு, பாப்பா?"

"ரீசெட் தாத்தா. பதினாறு செகண்ட்."

விசாரித்தேன். ஜிம் லோயர் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று மணிக்கணக்கில் வீடியோ பார்த்திருக்கிறார். பந்து ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பந்து ஓடாதபோதுதான் தெரிந்தது. இரண்டு பாயிண்டுக்கு நடுவே உள்ள பதினாறு, இருபது வினாடியில் பெரியவர்கள் ஒரே மாதிரி நடக்கிறார்கள், ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள். அதற்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு இருபதுவரைகூடக் குறைந்துவிடுகிறதாம். விதிப்படி இப்போது ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபத்தைந்து வினாடி. அந்த இருபத்தைந்துக்குள் பதினாறைப் பழக்குவதுதான் பெங்களூர்க்காரரின் பாடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டை வலையை அடைத்து, முள்ளை வெட்டி, சாக்கடையை மூடி, கூடையில் பந்தைக் குவித்து, பிறகு வேலிவரை நடந்து போய்த் திரும்பி வரக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம்.

"இத நாங்க சும்மாவே செஞ்சோம் மாப்ள."

"செஞ்சீங்க, சரி. அப்புறம் ஏன் மாமா மதுரைல தோத்தீங்க?"

மில் மேனேஜர். கணக்கில் ஓட்டை விடமாட்டார். அவர் சொன்னது சரிதான். முள் இருக்கிற ஊரில் மட்டும் வேலை செய்கிற தைரியம் என்னுடையது. அவளுடையது பையில் வைத்து எடுத்துப் போகிற சாமான்.

எல்லாவற்றையும் நான் கேலி செய்வதில்லை. ஒருநாள் அவர்கள் பாடம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மத் கல்லூரியில் பேசியதைக் காட்டினார் கோச். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர். ஆனால் பாயிண்ட் கணக்கில் ஜெயித்தது 54 சதவீதம்தான். ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு பாயிண்டைத் தோற்றுத்தான் அவர் ஃபெடரர் ஆனார். விட்ட பாயிண்டை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது பாடம். எனக்கு மார்க்கர் அண்ணன் ஞாபகம் வந்தது. விட்ட பாயிண்டை மறக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. என் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் நான் விட்ட பேக்ஹாண்டைப் பக்கத்து இலைக்காரருக்கு விளக்கினார்.

அதே பாடத்தில் கோச் அவளிடம் கேட்டார்: "5-3இல் உடம்பில் எங்கே பயம் தெரியும்?" பேத்தி யோசிக்கவே இல்லை. "விரல்ல. அப்புறம் வயித்துல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன். பால் பொங்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு ப்ராக்டிஸ் மேட்ச். இந்த வயதுப் போட்டிகளில் கோர்ட்டுக்கு ஒரு அம்பயர் கிடையாது. பந்து உள்ளேயா வெளியேயா என்று பிள்ளைகளேதான் சொல்ல வேண்டும். சிந்தெடிக் தரையில் செம்மண் மாதிரி அச்சும் விழாது. அந்த மதுரைப் பெண் கோட்டில் விழுந்த இரண்டு பந்தை அவுட் என்றாள். வேலிக்கு வெளியே இரண்டு அப்பாக்களும் போனைப் பிடித்தபடி சிவந்தார்கள். பேத்தி முதுகைக் காட்டினாள், நடந்தாள், நாலுக்கு ஆறு மூச்சு விட்டாள். மூச்சு விடத் தெரியாமல் தவித்தது என் மாப்பிள்ளைதான்.

5-3. அவள் சர்வீஸ். கையில் இரண்டு பந்து. மூன்றாவது பந்து வேலியைத் தாண்டி வெளியே போயிருந்தது.

அவள் பந்தைத் தட்டவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, அந்த இன்னொரு பந்து."

எனக்கு வயிறு கலங்கியது. கையில் இரண்டு வைத்துக்கொண்டு மூன்றாவது பந்து. நாற்பது வருடம் முன்பு நாங்கள் கண்ணைக் காட்டிக்கொண்ட அதே பந்து. மாப்பிள்ளைக்குத் தெரியாது, பெங்களூர்க்காரருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். மெதுவாக எழுந்தேன். கேட்டைத் திறந்து, கொக்கியை மறுபடி மாட்டிவிட்டு வெளியே போனேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வெளியே ஒரே ஒரு சீமைக்கருவேலத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பந்து அதனடியில்தான் கிடந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இரண்டு சுற்று சுற்றினேன். குனிந்தேன். சட்டையில் துடைத்தேன். அறுபது வயதுக்கு எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அதற்கும் மெதுவாகத் திரும்பினேன். என் கணக்கில் ஒன்றரை நிமிடம். அவளுக்கு முள்ளும் சாக்கடையும் நானே ஆனேன்.

உள்ளே போய்க் கையில் கொடுத்தேன்.

"ஏன் தாத்தா இவ்ளோ நேரம்? மூணுல ரெண்ட செலக்ட் பண்றது என் ரொட்டீன். ரிதமே போச்சு."

பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது வேண்டாம் என்று என்னிடமே உருட்டிவிட்டாள். அதற்குள் அவள் விரல் என் கையில் பட்டிருந்தது. சித்திரை வெயிலில், ஐஸ்.

முதல் சர்வ் நெட்டில் விழுந்தது. இரண்டாவதுக்கு முன்னால் வேலிப் பக்கம் திரும்பினாள். மட்டை நரம்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் முறைத்தாள்.